வீட்டுக்குள் ஒரு கொட்டகை

1905-ஆம் ஆண்டில் திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்து வந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். உத்தியோகத்துக்கு ஒரு கும்பிடு போட்டு விட்டு, கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு 1914-ல் கோயமுத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான கொட்டகையை நிறுவினார். அதுவரையில் கொட்டகை ஜனங்களைத் தேடிப் போயிற்று. அதன் பின்னர் ஜனங்கள் கொட்டகையைத் தேடிப் போகலானார்கள். இப்போதோ மூன்றாவது கட்டம் வந்திருக்கிறது. கொட்டகையே ஒவ்வொருவர் வீட்டுக் கூடத்திலும் வந்து குடியேறப் பார்க்கிறது. அதற்கு 'ஹோம் தியேட்டர்' என்று நாமகரணமும் ஆகிவிட்டது.

குடியேறட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் வருகிற விருந்தாளி சும்மா வருவதில்லை. கிருகஸ்தன் பல மாதம் மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கிக்கொண்டு வருகிறார். ஆகையால் அவரை அழைப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்த்துக்கொள்வது உசிதம்.

கடையில் போய் நின்றால் உங்களை மூன்று கேள்விகள் கேட்பார்கள். "எத்தனை அங்குலம் ஸார்?" என்பது முதல் கேள்வி. "எத்தனை வாட்ஸ்?" என்பது இரண்டாவது. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பது மூன்றாவது. உங்கள் கூடம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், தரையில் என்ன பாவியிருக்கிறது, படம் பார்க்கப் போகிறவர்கள் யார் யார், அவர்களில் யாருக்குக் காது மந்தம் என்றெல்லாம் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் செலவழிக்கும் பணம் பலன் தருமா, வீணாகுமா என்பதை நிர்ணயிப்பவை இந்தக் கேட்கப்படாத கேள்விகள்தான்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் விஷயத்தைச் சொன்னால் இது விளங்கும். குடும்பத் தலைவர் ஒரு தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பணத்தில் வங்கியில் போட்டது போக, 1,20,000 ரூபாயை வீட்டுக் கொட்டகைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய புதல்வனோ 75 அங்குலத்துக்குக் குறைந்த திரை எதையும் திரை என்று ஒப்புக்கொள்ளாதவன். கையிலிருக்கும் தொகையை முன்பணமாகக் கட்டி, பாக்கியை இருபத்துநான்கு மாதத் தவணையில் அடைத்துவிடலாம் என்பது அவன் வாதம். தகப்பனாருக்குத் தவணை என்ற சொல்லே ஆகாது. இவர்கள் இருவரும் தர்க்கம் செய்துகொண்டிருக்க, வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. எண்பத்திரண்டு வயதான பாட்டியம்மாள்தான் அவர். டெலிவிஷன் ஓடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்பார். நாலு தடவை பதில் சொல்வார்கள். ஐந்தாவது தடவை, "ஒன்றுமில்லை, பாட்டி" என்பார்கள். சில வருஷங்களாக அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். கூடத்துக்கு வராமல் உள்ளறையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

வாத்தியார் என்றால் கணக்குப் போடத் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள். நான் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

புதுக்கட்டு வீடு. பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், பத்து அடி உயரமுள்ள கூடம். தரையில் பளபளவென்று ஓடு, சுவரில் வழவழவென்று பூச்சு, மேலே கான்கிரீட். ஜன்னல்களில் மெல்லிய திரைச்சீலை. உட்காருவதற்கு ரெக்ஸின் போட்ட ஸோபா. பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் பாய்ந்து, 'ணங்' என்று ஒலித்து, மெல்ல அடங்கிற்று. பாட்டியம்மாளின் விரோதி யார் என்று எனக்கு அப்பொழுதே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1895-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஃபாக் கலைக்கூடத்தைச் சேர்ந்த புதிய பிரசங்க மண்டபம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கட்டடம் அழகாக அமைந்துவிட்டது. ஆனால் அதில் யார் பேசினாலும் ஒரு வார்த்தை புரியவில்லை. வெறும் மண்டபத்தில் எழுப்பிய ஓசை அடங்குவதற்கு ஏறக்குறைய ஐந்தரை விநாடி பிடித்தது. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளைச் சொல்லி முடித்துவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கூழாகிவிடும். இதைச் சீர்படுத்தும்படி பௌதிக இலாகாவிலிருந்த வாலஸ் ஸபீன் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு வயது இருபத்தேழு. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் உறங்கிய பின், பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் நாடகசாலையிலிருந்து ஆசன மெத்தைகளைத் தூக்கி வந்து மண்டபத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஓசை நின்றுபோக எவ்வளவு நேரம் ஆகிறதென்று குறித்தார். இன்னும் சில மெத்தைகள். இன்னும் ஓர் அளவு. விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்! இப்படிப் பல இரவுகள் மெத்தை சுமந்ததன் பலனாக, உலகத்துக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. அறையின் கன அளவு கூடக் கூட எதிரொலி நீடிக்கும். ஓசையை உறிஞ்சும் பொருள்கள் கூடக் கூட எதிரொலி குறையும். 1900-ல் திறந்த பாஸ்டன் ஸிம்பனி மண்டபத்தை இந்தச் சூத்திரத்தைக் கொண்டே திட்டமிட்டார்கள்.

அந்தச் சூத்திரத்தை நமது தலைமைக் குமாஸ்தாவின் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அடிக் கணக்கில், அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, உறிஞ்சும் சக்தியால் வகுக்க வேண்டும். 16 × 12 × 10 என்பது 1,920 கன அடி. 0.049-ஆல் பெருக்கினால் சுமார் 94. இனி, உறிஞ்சும் சக்தி எவ்வளவு? ஓடும் பூச்சும் கான்கிரீட்டும் தங்கள் மேல் விழும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதியைத் திருப்பி எறிந்துவிடும். ஆகவே தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்ந்து 944 சதுர அடி இருந்தும், உறிஞ்சும் சக்தி ஏறக்குறைய 28 தான். 94-ஐ 28-ஆல் வகுத்தால் மூன்றே கால் விநாடிக்கு மேல் ஆகிறது. வெற்றுக் கூடத்தின் லட்சணம் இது.

சரி, நான்கு பேர் உட்கார்ந்தால்? மனிதன் ஒருவன் நாலரைச் சதுர அடி திறந்த ஜன்னலுக்குச் சமானம். அதன் வழியே போன ஓசை திரும்பி வருவதில்லை அல்லவா? நால்வருக்கு இருபது என்று வைத்துக்கொள்ளலாம். துணி போட்ட ஸோபாவுக்குப் பன்னிரண்டு. ஒரு பக்கச் சுவர் முழுவதும், சுமார் 108 சதுர அடிக்கு, கனத்த துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் ஐம்பதுக்கு மேல். தடித்த கம்பளம் ஒன்றுக்குப் பதினாறு. புத்தகங்கள் நெருக்கி அடுக்கிய அலமாரிக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் பழைய 28-உடன் கூட்டினால் 140-க்குக் கொஞ்சம் மேலே போகும். இப்போது வகுத்துப் பாருங்கள்: முக்கால் விநாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது! இத்தனைக்கும் ஒரு மின்சாரக் கருவிகூட வாங்கவில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாச்சைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த புண்ணியம் வேண்டுமானால் உண்டு. வேறு பிரயோஜனம் சொற்பமே. தெர்மோகோல் பலகையும் அந்த ஜாதிதான். ஓசையை உறிஞ்ச வேண்டுமானால் காற்று உள்ளே புகுந்து இழைகளிடையே திணற வேண்டும். பஞ்சு, கம்பளி, கனத்த நெசவுத் துணி ஆகியவைதான் அதற்கு லாயக்கு. பவானி ஜமக்காளம் பார்ப்பதற்கு வெகு அழகு, ஆனால் மெல்லியது. அடியில் ஒரு தடித்த தென்னைநார் விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஜமக்காளத்தை விரித்தால் அழகும் உண்டு, பலனும் உண்டு.

எதிரொலி பாட்டியம்மாளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விரோதியாயிற்று என்று கேட்கலாம். இது தமிழ் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய சங்கதி. பேச்சில் உயிரெழுத்துக்கள் பலமானவை; தாழ்ந்த சுருதியில் நின்று ஒலிப்பவை. க், ச், த், ப் போன்ற வல்லின மெய்களோ கண நேரம் வெடித்து மறைபவை. அவற்றை வேறுபடுத்திக் காட்டும் ஓசை உயர்ந்த சுருதியில் இருக்கிறது. வயதாக ஆக, காது முதலில் இழப்பது அந்த உயர்ந்த சுருதியைத்தான். எனவே முதியோர் காதில் உயிர் விழுகிறது, மெய் விழுவதில்லை. கடை, படை, தடை, சடை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இதன்மேல், எதிரொலிக்கும் கூடத்தில் முந்தின எழுத்தின் வால் அடுத்த மெய்யின் தலையை மூடிவிடுகிறது. "சத்தத்தைக் கூட்டு!" என்று நாம் கூட்டினால், உயிரும் எதிரொலியும்தான் கூடுகின்றன. பாட்டியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தமாகத்தான் இருக்கிறது, வார்த்தைதான் புரியவில்லை" என்று சொல்வது முழு உண்மை. வைத்தியர் அவருக்குக் காதுக் கருவி கொடுத்துத்தான் இருந்தார். பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவர்களின் பேச்சுக்கு அது போதுமாயிருந்தது; ஒன்பது அடி தூரத்திலிருந்து எதிரொலியோடு கலந்து வரும் பேச்சுக்குப் போதவில்லை.

அறைக்கு அடுத்தபடி, பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சுவரில் மாட்டும் இன்றைய டெலிவிஷன்கள் இரண்டு விரற்கடை பருமன்கூட இல்லாமல் மெலிந்துபோய்விட்டன. அவற்றுக்குள் ஸ்பீக்கருக்கு இடம் ஏது? பாவம், அதைப் பின்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ வைத்து அடைத்திருக்கிறார்கள். நாயகன் நம்மைப் பார்த்துப் பேசுகிறான். அவன் குரலோ தரையைப் பார்த்துப் பேசுகிறது!

கொட்டகையில் அப்படியல்ல. வெண்திரையில் ஊசித் துவாரங்கள் நிறைந்திருக்கும். நட்டநடுவே அதன் பின்னால் ஒரு ஸ்பீக்கர் நிற்கும். நடிகர்களின் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. இடமும் வலமும் இருப்பவை சங்கீதத்துக்கும் மற்ற ஓசைகளுக்கும் உதவுகின்றன. பக்கத்திலும் பின்னாலும் இருப்பவை மழை, இடி, கூட்டத்தின் ஆரவாரம் முதலியவற்றுக்கு. கடைக்காரர்கள் '5.1' என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்: முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு, அடித்தொண்டை உறுமலுக்கென்று தனியாக ஒன்று. 1992-ல் டால்பி டிஜிட்டல் முறை கொட்டகைகளுக்கு வந்ததிலிருந்து இது பிரபலமாயிற்று. 2012-ல் வந்த 'அட்மாஸ்' என்ற முறை, தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர்களை ஏற்றிவிட்டது. நமது வீடுகளில் தலைக்கு மேலே ஏற்கெனவே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் இரைச்சலே பாதி வசனத்தைத் தின்றுவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது. படம் பார்க்கும் நேரத்துக்காவது அதை ஒரு படி குறைத்து வைக்கலாம். அல்லது சத்தமில்லாமல் சுற்றும் விசிறியாக மாற்றலாம்.

ஆகவே பணம் குறைவாயிருப்பவர்கள் எதை விட்டாலும் நடு ஸ்பீக்கரை விடக் கூடாது என்பது என் துணிபு. ஆறு மட்டமான ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் போட்டு விற்பதை வாங்குவதைக் காட்டிலும், அதே பணத்துக்கு முன்பக்கம் மூன்று நல்ல ஸ்பீக்கர்களை வாங்குவது மேல். இடியும் மின்னலும் முதுகுப் பக்கத்திலிருந்து வராவிட்டால் கதை ஒன்றும் கெட்டுப் போவதில்லை. கதாநாயகி சொன்ன பதில் புரியாமற் போனால் கதையே போயிற்று.

வாட்ஸ் என்ற மாயையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெட்டியின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணை அச்சடித்திருந்தால், அதைப் பெட்டியின் அலங்காரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணே இடைவிடாமல் தரக்கூடிய சக்தி. அதிலும், வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகிவிடாது. காதுக்குச் சற்றே கூடினாற்போல் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினாறு கூடத்தில் நூறு வாட்ஸுக்கும் நூற்றைம்பது வாட்ஸுக்கும் பணம் கொடுத்து வித்தியாசம் வாங்குவது அநாவசியம்.

இனி, பையன் ஆவலுடன் காத்திருந்த அங்குல விஷயத்துக்கு வருவோம்.

ஸோபா எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருப்பவர் கண்ணிலிருந்து திரை மாட்டும் இடம் வரை நாடாவைப் பிடித்தேன். சரியாக ஒன்பது அடி. திரையின் இரு ஓரங்களும் கண்ணில் சுமார் 30 டிகிரி கோணம் எடுத்துக்கொண்டால் படம் பார்க்கச் சௌகரியமாயிருக்கும் என்பது திரைப்படத் தொழில் நிபுணர்கள் கொண்டுள்ள ஒரு வரம்பு. கொட்டகையை நினைவூட்டும் வியாபகம் வேண்டுமென்பவர்கள் 40 டிகிரி வரை போவதுண்டு. 30 டிகிரிக்கு எளிய கணக்கு: திரையின் குறுக்களவை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாகப் பெருக்கினால் உட்கார வேண்டிய தூரம் வரும். 43 அங்குலத் திரைக்கு ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. 55-க்கு ஏழரை அடி. 65-க்கு ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு.

"அப்படியானால் குறைந்தது 65 ஆவது வாங்கித்தானே ஆக வேண்டும், ஸார்?" என்று பையன் மடக்கினான். ஒன்பது அடிக்கு 65 என்பது நியாயமான கணக்குத்தான். ஆனால் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. திரையைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக ஸோபாவைக் கிட்டக் கொண்டுவரலாம் அல்லவா? இருவருமாகப் பிடித்து ஸோபாவை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தினோம். ஏழரை அடியில் 55 அங்குலத் திரை, ஒன்பது அடியில் 65 அங்குலத் திரை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிதாகத் தெரியும்! இரண்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் மிச்சம். தவிரவும், சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பின் சுவரில் மோதி வரும் ஓசை பிடரியில் அறையும். சுவரை விட்டு விலகினால் அந்தத் தொந்தரவும் குறையும். ஸோபாவை நகர்த்தக் கூலி ஒரு டம்ளர் காப்பி.

'4கே' என்ற மந்திரத்தையும் இந்த நாடாவைக் கொண்டே அளக்கலாம். 55 அங்குலத் திரையில் பழைய 'புல் எச்.டி.'க்கு ஒரு வரிசையில் 1,920 புள்ளிகள்; 4கே-க்கு 3,840. ஏழடி தூரத்துக்கு அப்பால் போய்விட்டால், நல்ல பார்வையுள்ள கண்ணுக்கும் பழைய முறையின் புள்ளிகளே தனித் தனியாகத் தெரிவதில்லை. இப்போது அந்த அளவில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் 4கே ஆகவே இருப்பதால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். '8கே' என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் ஸோபாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவிஷனை எந்த உயரத்தில் மாட்டுவது? நம்மவர்களில் பலர் சுவாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு, இரண்டரை மணி நேரம் அண்ணாந்து சேவிக்கிறார்கள். கழுத்து வலி வராமல் என்ன செய்யும்? உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்துக்கு, தரையிலிருந்து மூன்றரை அடி வாக்கில், திரையின் நடுப்பகுதி வந்தால் போதும். அப்போது நடு ஸ்பீக்கரையும் அதற்குக் கீழேயே வைத்து, முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிடலாம். இட வலமுள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று ஏழரை அடி விலகி, காது மட்டத்தில் நிற்க வேண்டும். நாமும் அவை இரண்டுமாகச் சமபக்க முக்கோணம். ஆறாம் வகுப்புக் கேத்திர கணிதம்தான்.

புரொஜெக்டர் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நூறு அங்குலப் படம் சுவர் முழுவதும் விரிகிற அழகே அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். புரொஜெக்டர் வெளிச்சத்தைத்தான் எறியும். இருட்டை எறிய அதனால் முடியாது. படத்தில் உள்ள கறுப்பு என்பது, வெளிச்சம் விழாத திரையின் நிறமே. பகல் வெளிச்சத்தில் திரை வெளுப்பாயிருக்கிறது. ஆகவே படத்தில் வரும் அமாவாசை இரவும் வெளுப்பாகவே இருக்கும். அறை நன்றாக இருட்டியிருந்தால், நூறு அங்குலத் திரையின் முப்பது சதுர அடிக்குக் கொட்டகைப் பிரகாசம் தர ஐந்நூறு லூமென் போதும். இருட்டாவிட்டால் இரண்டாயிரமும் போதாது. பெட்டியில் போட்டிருக்கும் லூமென் கணக்கிலும் 'ஆன்ஸி' அல்லது 'ஐ.எஸ்.ஓ.' என்ற முத்திரை இல்லாவிட்டால், அதையும் பி.எம்.பி.ஓ. கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டியது. ஜன்னலை அடைத்துத் தனி அறை ஒதுக்கக்கூடியவர்களுக்கு, பதின்மூன்று பதினாலு அடி பின்னால் தள்ளி உட்கார இடமும் இருந்தால், புரொஜெக்டர் உத்தமம். பட்டப்பகலில் கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு டெலிவிஷனே கதி.

கடைசியில் தலைமைக் குமாஸ்தா பணத்தை எப்படிப் பங்கிட்டார் என்றால்: 55 அங்குல டெலிவிஷனுக்கு 45,000 ரூபாய், ஒலியைப் பங்கிட்டுத் தரும் ரிஸீவர் என்ற கருவிக்கு 35,000, முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களுக்கு 25,000, கனத்த திரைச்சீலை, விரிப்பு, ஸோபாவுக்குத் துணி உறை ஆகியவற்றுக்கு 8,000, கம்பி, ஸ்டெபிலைஸர், மின்சாரத் தொழிலாளியின் கூலி ஆகியவற்றுக்கு 5,000. ஆக மொத்தம் 1,18,000. தவணை இல்லை, இரண்டாயிரம் கையில் மீதி. புத்தக அலமாரி உள்ளறையில் சும்மா கிடந்தது. அதைக் கூடத்துக்கு நகர்த்தியதோடு சரி. விலைகள் கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை மாறும். பங்கீட்டின் விகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். திரைக்குச் செலவானதைவிட ஓசைக்கு அதிகம் செலவாகியிருக்கிறது. பையனுக்கு முதலில் இது பெரிய அநியாயமாகத் தோன்றிற்று.

இவ்வளவு தொகை எல்லாருக்கும் சாத்தியமா? நாற்பதினாயிரத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் 43 அங்குல டெலிவிஷனை வாங்கிக்கொண்டு ஆறடியில் உட்காரலாம். மிச்சப் பணத்துக்கு, பேச்சுக்கென்று தனியாக நடுப்பகுதி உள்ள 'சவுண்ட்பார்' ஒன்றோ, தானே மின்சாரம் பெற்றுப் பேசும் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றோ வாங்கலாம். டெலிவிஷனில் 'எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.ஸி.' என்று எழுதிய துவாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், ஒரே கம்பியில் காரியம் முடிந்துவிடும். பத்தாயிரம்கூட இல்லாதவர்கள் திரைச்சீலையும் விரிப்பும் மட்டும் வாங்கினால் போதும். பழைய டெலிவிஷனே பாதி புதிதாகிவிடும்.

காசில்லாமல் செய்யக்கூடியவையும் சில உண்டு. டெலிவிஷனின் பட அமைப்பை 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா' என்பதற்கு மாற்றினால் மனிதர்களின் முகம் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் இல்லாமல் மனித நிறத்துக்குத் திரும்பும். ஒலி அமைப்பில் 'நைட் மோட்' என்றோ, பேச்சைத் தெளிவாக்குவது என்றோ இருப்பதைப் போட்டுக்கொண்டால் வெடிச்சத்தம் அடங்கி வசனம் மேலெழும். ரிஸீவர் உள்ளவர்கள் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெஸிபெல் உயர்த்திக்கொள்ளலாம். திரையின் அடியில் வசன எழுத்துக்கள் ஓடவிடுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறுமல் ஸ்பீக்கரைப் பற்றி அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாழ்ந்த சுருதி கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் குழந்தையின் தொட்டில் வரை போகும். வாங்கித்தான் ஆக வேண்டுமானால், அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட விட்டு, அறை ஓரமாகத் தவழ்ந்து போய், எங்கே அது அளவாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே அதை நிரந்தரமாக வையுங்கள். கைக்குழந்தை மாதிரி தவழ்வது கௌரவக் குறைவு என்று நினைக்காதவர்களுக்கு நல்ல பலன் தரும் முறை இது.

மின்சார விஷயத்தில் அலட்சியம் கூடாது. பழைய வீடுகளில் மூன்று துவாரமுள்ள பிளக்கின் மூன்றாவது துவாரம் வெறும் துவாரமாகவே இருக்கும். மண்ணுக்குப் போகும் கம்பி அதில் இணைந்திராது. முதலில் அதைச் சரிபார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கடைக்குப் போகும்போது பையனை மட்டும் அழைத்துப் போகாமல் பாட்டியம்மாளையும் அழைத்துப் போகச் சொன்னேன். கடைச் சிப்பந்தி, விமானங்கள் மோதி வெடிக்கும் காட்சி ஒன்றைப் போட்டுக் கூரை அதிர வைத்தாராம். பாட்டியம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு, இரண்டு பெண்கள் அடுக்களையில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பழைய தமிழ்ப் படக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, சத்தத்தையும் குறைக்கச் சொல்லி, மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். மூன்றாவது ஜோடியில் பாட்டியம்மாள், அந்தப் பெண் தன் நாத்தனாரைப் பற்றி என்ன குறை சொன்னாள் என்பதை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். அந்த ஜோடியையும், அதே வகை நடு ஸ்பீக்கரையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். விலையில் அது நடுத்தரமானதுதான்.

இப்போது கூடத்தில் பாட்டியம்மாளுக்கு ஸோபாவின் நடு இடம். மற்றவர்கள் பேசினால் "சும்மா இருங்கள்" என்கிறார். பையன் மட்டும் பின்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களை இன்னும் மறக்கவில்லை. ரிஸீவரில் அவற்றுக்கான துவாரங்கள் காலியாகத்தான் இருக்கின்றன; தன் சம்பளத்திலிருந்து அடுத்த பொங்கலுக்கு வாங்கி மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அவற்றுக்கு வேண்டிய கம்பியை வெள்ளையடிப்பதற்கு முன்பே சுவருக்குள் குழாயில் போட்டு வைத்தாயிற்று. பின்னால் சுவரைக் கொத்துவதற்கு ஆகும் கூலியும், வீடு முழுவதும் படியும் தூசியும், மூன்று நாள் வசவும் இல்லாமல் போகும்.